ஏழாம் நம்பர் ரூம் ரிப்பேரில் இருக்கிறது

போன ஆடி மாசம் ஒரு பொண்ணு போன் போட்டுச்சு. நான் முப்பது வருசம் மேனேஜரா இருந்த லாட்ஜுல இப்ப அதுதான் மேனேஜர். மதுரையில ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்ச பிள்ளை. நான் படிச்சது எட்டாப்பு. ரெண்டு பேரும் உக்காந்த நாற்காலி ஒண்ணுதான், அதுலயும் இப்ப மெத்தை போட்டுட்டாகளாம்.

விசயம் என்னன்னா, லாட்ஜுக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்காக. எந்த நாளுக்கு எவ்வளவு கூட்டம் வரும், எத்தனை ரூமை முன்கூட்டிக் குடுக்கலாம், கடைசி நேரத்துல வாரவுகளுக்கு எத்தனை ரூமை ஒதுக்கணும்னு அதுவே சொல்லுமாம். ஆடித் தபசு அன்னைக்கு அஞ்சு ரூமை யாருக்கும் குடுக்காம பூட்டி வைன்னு அது சொல்லுது. இப்ப உள்ள முதலாளி, அதாவது எங்க பழைய முதலாளியோட மகன், ஆளுக வரிசையா கேக்கும்போது ரூமைப் பூட்டி வைக்கவா இம்புட்டு செலவு பண்ணி மிஷின் வாங்கினேன்னு குதிக்காராம்.

"சார், உங்க காலத்துல எத்தனை ரூம் வைப்பீங்க?"ன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு.

நாலுன்னேன். மிஷின் அஞ்சு சொல்லுதேன்னு இழுத்துச்சு. அப்ப மிஷினுக்குத்தாம்மா கிறுக்கு, நாலுதான் கணக்குன்னு அடிச்சுச் சொல்லிட்டு போனை வச்சேன். ஓய்வு பெத்தவன்கிட்ட ஒருத்தர் வந்து யோசனை கேட்டா வருமே ஒரு பெருமை, அது சாயங்காலம் வரைக்கும்தான் நின்னுச்சு. அது ஏன் இறங்குச்சுங்கதைக் கடைசியில சொல்லுதேன்.

நான் லாட்ஜுக்கு வாரதுக்கு முன்னால மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு அரிசி மில்லுல கிளார்க். மூட்டையை எண்ணுன கை, இங்கன வந்து துண்டை எண்ண ஆரம்பிச்சுது. மூணு மாசத்துல தொழில் பிடிபட்டுப் போச்சு. ரிஜிஸ்டர் எழுதணும், சாவியைக் குடுக்கணும், காலி பண்ணும்போது பக்கெட் இருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான்னு நினைச்சேன். அந்த நினைப்போடதான் முதல் தபசுக்கு உக்காந்தேன்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க ஊரு சங்கரன்கோவில்ல கோமதி அம்மன், ஈஸ்வரனையும் தன் அண்ணன் பெருமாளையும் ஒண்ணாப் பாக்கணும்னு தவம் இருந்தா. ஆடி மாசம் அந்தக் காட்சி குடுக்குத நாள்தான் தபசு. பக்கத்துச் சீமை பூரா வந்து இறங்கும். பருத்தி வெடிச்சவன் பருத்தியும், வத்தல் போட்டவன் வத்தலுமா கொண்டுவந்து அம்மனுக்கு வீசுவாக. அன்னைக்கு எங்க லாட்ஜுல ரூம் கிடைக்கது, அம்மனைக் கிட்டத்துல பாக்கதை விடக் கஷ்டம்.

அந்த முதல் வருசம் நான் என்ன செஞ்சேன்? ஒரு மாசம் முன்னாலயே ஒரு ஆளு வந்து, மொத்தமா எடுத்தா குறைச்சுத் தருவீகளான்னு கேட்டாரு. இருபத்திரண்டு ரூமையும் தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு மாசம் முன்னாலயே லாட்ஜை நிறைச்சுட்டோம்லா, முதலாளி முதுகுல தட்டுவாருன்னு காத்திருந்தேன்.

எங்க முதலாளியைப் பத்திச் சொல்லணும். அதிகம் பேச மாட்டாரு. கோவம் வந்தா சத்தம் கூடாது, குறையும். லாட்ஜுக்குள்ள உக்காரவே மாட்டாரு. எதுத்த டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, லாட்ஜுக்குள்ள போறவனைப் பாக்க மாட்டாரு, திரும்பி வாரவனைத்தான் பாப்பாரு. வந்தவனை நீரு பாத்துக்கிடுவீரு, போறவனை யாரு பாக்கதுன்னு கேப்பாரு.

தபசு அன்னைக்குக் காலையில ஒரு புது நோட்டைக் கொண்டாந்து என் முன்னால வச்சாரு. ரூம் இல்லைன்னு திருப்பி அனுப்புத ஒவ்வொருத்தர் பேரையும் எழுதணும். பேரு, ஊரு, எத்தனை பேரு, கடைசியா, எப்பக் கிளம்பணும்னு முடிவு பண்ணாக. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டா ஆளுக என்னை முறைக்காக. ரூம் இல்லைன்னு சொல்லிட்டு எப்ப முடிவு பண்ணீகன்னு கேக்குதியே, நீ என்ன போலீசான்னு ஒரு அம்மா கேட்டே போட்டுது. சாயங்காலம் வரைக்கும் எழுதி எழுதி விரல் வீங்கிப் போச்சு. முதலாளி வந்து நோட்டைப் புரட்டினாரு.

"லாட்ஜ் நிறைஞ்சு போச்சுன்னு சந்தோசப்பட்டீரே வே, இதையும் ஒரு தடவை வாசிச்சுப் பாரும்" அப்படின்னாரு, டீக்கடைக்குப் போயிட்டாரு. முதுகுல தட்டினதை விட நல்லா உறைச்சுது.

வாசிச்சேன். திரும்பிப் போனவுகள்ல பாதிக்கு மேல அன்னைக்குக் காலையில முடிவு பண்ணிக் கிளம்புனவுக. லீவு அன்னைக்குத்தான் கிடைச்ச நர்ஸு, கடைசி நேரத்துல தறி ஓட்டம் நின்னதால வந்த தறிக்காரரு, கொழுந்தியா பிரசவம் நல்லபடியா முடிஞ்ச கையோட நேர்த்திக்கடனுக்கு ஓடி வந்தவுக. முழு வாடகை குடுத்துத் தங்கக் கூடிய ஆளுக அவுகதான். நான் ரூமைக் குடுத்ததோ சலுகை கேட்டவருக்கு.

அடுத்த வருசத்துல இருந்து 'கை ரூம்' வந்துச்சு. அந்த நோட்டைப் பாத்து எத்தனைன்னு முதலாளி முடிவு பண்ணினாரு. எப்ப முடிவு பண்ணாகங்க கேள்விக்கு முன்பதிவு நோட்டுலயும் ஒரு இடம் போடச் சொல்லிட்டாரு. நாலு ரூம் சாவியை மட்டும் சாவிப் பலகையில நம்பர் சுவரைப் பாக்க திருப்பித் தொங்க விடணும். தபசுக்கு முந்தின நாள் வரைக்கும் கலெக்டரே கேட்டாலும் கிடையாது. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு சாவி, பன்னெண்டுக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்குக் கடைசிச் சாவி. அந்தந்த நேரத்துல கவுண்டர் முன்னால யாரு நிக்காகளோ அவுகளுக்கு. முன்பதிவு பண்ணினவரு யாராவது வரலைன்னு சொன்னா அந்த ரூமும் கை ரூமோட சேரணும். இதுல மேனேஜர் மூளையை ஓட்டக் கூடாது, கடியாரம்தான் ஓடணும்.

ஏன் முதலாளி இந்தப் பாடுன்னு ஒரு தடவை கேட்டேன். "முன்கூட்டி எழுதிப் போடுதவனுக்கு நாளு அவன் கையில இருக்குவே. காலையில எந்திரிச்சு ஓடி வாரவனுக்கு நாளு எவன் கையிலயோ இருக்கு" அப்படின்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்படின்னா அவுகளுக்கு வாடகையைக் குறைச்சுப் போடலாமா முதலாளின்னு கேட்டேன். இம்புட்டு நேரம் ரூமைச் சும்மா போட்டு வச்சது நீரா நானான்னு கேட்டாரு. கலங்குன கண்ணு காஞ்சு போச்சு.

இருபத்திரண்டு ரூம்னு சொன்னேன்லா, கை ரூம் வந்த பிறகு தபசுக்கு மட்டும் இருபத்தொண்ணுதான். தபசுக்கு முன்பதிவு எழுத ஆரம்பிக்கும்போதே ஏழாம் நம்பர் ரூம்ல பைப்பு ரிப்பேர் ஆயிரும். ரிஜிஸ்டர்ல முதலாளியே தன் கையால 'ரிப்பேர்'னு எழுதிருவாரு. அந்தப் பைப்பு எப்படிடா சொல்லி வச்ச மாதிரி வருசா வருசம் தபசு பாத்து உடையுதுன்னு எனக்குத் தோணவே இல்லை. என் புத்திசாலித்தனம் அம்புட்டுதான்.

இனி என் வீட்டுக் கதைக்கு வாரேன். அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரி பேரு கோமதி. எங்க ஊர்ல தெருவுல நின்னு கோமதின்னு கூப்பிட்டா ஒம்பது வாசல் திறக்கும், அதுல ஒரு கோமதி. அவளுக்கு ஒரே அண்ணன். சொந்த ஊரு திருவேங்கடம், வேலை திண்டுக்கல்லுல, பஸ் டிரைவர். எங்க மகனுக்கு ஒரு வயசுல காது குத்து வச்சோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். நல்ல நேரம் முடியப் போகுது, மச்சானைக் காணோம். ஆசாரி ஊசியை வச்சுக்கிட்டு நிக்காரு. பத்து நிமிசம் பொறுங்கன்னு கோமதி என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. நான்தான் அவசரக் குடுக்கையாச்சே, ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தர் மடியில பிள்ளையை வச்சுக் குத்திட்டேன். பிள்ளை அழுது முடிக்கல, மச்சான் காக்கிச் சட்டையோட வேர்த்து ஓடி வாராரு. டூட்டி மாத்திவிட வேண்டிய ஆளு லேட்டாம். பிள்ளை காதைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கொண்டாந்த புதுத் துணியைத் தங்கச்சி கையில குடுத்துட்டு, இந்த வீட்டு வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஏழு வருசம். முன்னப்பின்ன தெரியாத ஆளுக்காக சாயங்காலம் நாலு மணி வரைக்கும் சாவியைப் பிடிச்சு வைக்குதவன், சொந்த மச்சானுக்காக ஒரு மடியைப் பத்து நிமிசம் பிடிச்சு வைக்கல. இதை நான் சொல்லல, கோமதி சொன்னா. ஒரு தடவைதான் சொன்னா. அதுக்கப்புறம் ஏழு வருசமும் அவ அதைப் பத்திப் பேசாம இருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை. சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

எட்டாவது வருசம் ஆடியில பக்கத்து வீட்டுப் போனுக்கு, கோமதிக்கு அவ அண்ணன்கிட்ட இருந்து போன். தபசுக்கு வந்தாலும் வருவேன், லீவு கிடைச்சாத்தான் உறுதி. வந்தா உன் புருசன் லாட்ஜுல ரூம் எடுத்துத் தங்கிக்கிடுதேன், அங்கன வந்து என்னைப் பாரு, உன் வீட்டுக்கு வர மாட்டேன். கோமதி இதைச் சொல்லும்போது அவ முகத்தைப் பாக்கணுமே. அண்ணனையும் சேத்துப் பாக்க அம்மனே தவம் கிடந்த ஊருல்லா. ஒரு ரூம் போட்டு வைங்க, ரூம் இல்லைன்னு அவன் திரும்பிப் போனா இந்த ஜென்மத்துல இனி வர மாட்டான்னா.

முதலாளிகிட்ட நேரா கேட்டிருக்கலாம். ஆனா கை ரூமுல சிபாரிசு கிடையாதுங்கது எனக்குத் தெரியும். நானே எத்தனை பேருகிட்ட அந்தச் சட்டத்தைப் பேசியிருக்கேன்! கவுரவம் விடல. தபசுக்கு முந்தின நாள் ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் வரலைன்னு சொல்லிட்டாரு. பதினாலாம் நம்பர் காலி. சட்டப்படி அது கை ரூமோட சேரணும். நான் சேக்கல. முன்பதிவு நோட்டுல ஒரு பொய்ப் பேரை எழுதிட்டேன்: 'சங்கரன், சென்னை, நாலு பேர்.'

எந்தப் பேரு எழுதலாம்னு நான் பெருசா யோசிக்கல பாருங்க. கைக்கு வந்த பேரை எழுதினேன். சங்கரன்கோவில்ல உக்காந்துக்கிட்டு, அதுவும் தபசு அன்னைக்கு, வராத ஆளுக்குச் சங்கரன்னு பேரு வைக்குத மடையன் உலகத்துல ஒருத்தன்தான் இருப்பான்.

தபசு அன்னைக்குப் பத்து மணிச் சாவி போச்சு, பன்னெண்டு போச்சு, ரெண்டு போச்சு. மச்சானைக் காணோம். மூணு மணிக்கு மேல எனக்கு இருப்புக் கொள்ளல. தபசுக்காக ஊருக்கு வெளிய பஸ் நிறுத்துத இடத்துக்குப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்னு முதலாளிகிட்ட சொன்னேன். அவரு டீக்கடையை விட்டு எந்திரிச்சு வந்து கவுண்டர்ல உக்காந்தாரு. திண்டுக்கல் பக்கத்து பஸ் ரெண்டு வந்துச்சு, மச்சான் ரெண்டுலயும் இல்லை. திரும்பி வந்து பாத்தா, பதினாலாம் நம்பர் சாவியைக் காணோம்.

ஒரு ஆளு குடும்பத்தோட வந்திருக்காரு. முதலாளி பேரு கேட்டிருக்காரு. சங்கரன்னு சொல்லியிருக்காரு. ஊரு? சென்னை. எத்தனை பேரு? நாலு. முதலாளி நோட்டைத் திருப்பிப் பாத்துட்டு, உமக்குத்தான் எழுதியிருக்குன்னு சாவியைக் குடுத்துட்டாரு. அந்த மனுசன் ரூமே கிடைக்காதுன்னு நினைச்சு வந்தவரு. நான் முன்பதிவே பண்ணலையே, என் பேரு எப்படி வந்துச்சுன்னு மலைச்சுப் போய், அம்மன்தான் எழுதி வச்சிருக்கான்னு கன்னத்துல போட்டுக்கிட்டாராம். அப்புறமா என் கையையும் பிடிச்சுக் கண்ணீரோட சொன்னாரு. நான் என்னத்தைச் சொல்ல, ஆமா சார், அம்மன் கையெழுத்துதான்னேன். இன்னைக்கும் வருசா வருசம் அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு வாராரு.

இனி மிச்சம் நாலு மணிச் சாவி. அதுக்கு ரெண்டு மணியில இருந்தே ஒரு குடும்பம் காத்துக்கிட்டு நிக்கி. மூணே முக்கால். மூணு அம்பது. நான் கடியாரத்தைப் பாக்கேன், வாசலைப் பாக்கேன். அந்தக் குடும்பத்துல இருந்த கைப்பிள்ளை என்னையே பாக்குது. முதலாளி கவுண்டர் பக்கத்துலயே நிக்காரு.

"மணி நாலு வே" அப்படின்னாரு.

சாவியை எடுத்து அவுக கையில குடுத்தேன்.

நாலு இருபதுக்கு மச்சான் வந்தாரு. கூட அவர் வீட்டம்மா, ரெண்டு பொம்பளப் பிள்ளைக, ஒரு பெரிய பை. ஏழு வருசத்துல தலை பூரா நரைச்சுப் போச்சு. லாட்ஜ் படியில ஏறல, கீழயே நின்னாரு.

"மாப்ள, ரூம் இருக்கா? இல்லைன்னா சொல்லிரும், நாங்க இப்படியே திரும்பிருதோம்."

இல்லைன்னு சொல்லுதது எனக்குப் பழகுன வேலை. முப்பது விதமாச் சொல்லுவேன். அன்னைக்கு ஒரு விதமும் வாயில வரல. கவுண்டரை விட்டு இறங்கிப் போய் அவர் பையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ரூம் இல்லை மச்சான். வீடு இருக்கு. அன்னைக்குப் பத்து நிமிசம் நான் பொறுத்திருக்கணும். நீங்க வேணும்னேவா லேட்டா வந்தீக? தப்பு என் மேலதான்."

அவர் பையை விடல, நானும் விடல. தெருவுல, நேர்ந்துக்கிட்டுக் கோயிலைச் சுத்தி வாரத ஆடிச் சுத்துன்னு சொல்லுவோம், அந்தக் கூட்டம் எங்களை இடிச்சுக்கிட்டுப் போகுது. கடைசியில அவர் வீட்டம்மாதான், காலையில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கேன், இனி என்னால நிக்க முடியாது, நீங்க ரெண்டு பேரும் பையை இழுத்துக்கிட்டே இருங்க, நான் கோமதி வீட்டுக்குப் போறேன்னு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடந்துட்டாக. மச்சான் பையை விட்டாரு.

முதலாளிகிட்ட ஒரு மணி நேரம் வேணும்னேன். போயிட்டு வாரும்னு பேப்பரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

வீட்டு வாசல்ல மச்சான் ஒரு நொடி நின்னாரு. உள்ள இருந்து வந்த கோமதி அண்ணன் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டா. அவர் உக்காந்ததும் கேட்ட முதல் வார்த்தை, எங்கட்டி உன் மகன்ங்கதுதான். வந்தான். எட்டு வயசுப் பய, காலு நீண்டு கிடக்கு. அவனைப் பிடிச்சு மடியில உக்கார வச்சுக்கிட்டாரு. பயலுக்குக் கூச்சம், நெளியுதான். மாமா, நான் பெரிய பையன்ங்கான். பத்து நிமிசம் இருடான்னு சொல்லிட்டு, அவன் காதைத் தடவிக்கிட்டே இருந்தாரு. நான் கொல்லைப் பக்கம் போய் நின்னு அழுதேன். வெக்கம் என்ன, அழுதேன்தான்.

அஞ்சரைக்கு லாட்ஜுக்குத் திரும்பினேன். அப்ப ஒரு அம்மா வயசான தகப்பனாரைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்காக. தூரத்து ஊரு, பஸ்ஸு வழியில நின்னு போச்சாம், ஊர்ல ஒரு ஆளையும் தெரியாதாம். இல்லைன்னு சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள முதலாளி சட்டைப் பையில கையை விட்டு ஒரு சாவியை எடுத்து நீட்டினாரு. ஏழாம் நம்பர்.

பைப்பு ரிப்பேர் முதலாளின்னு நான் சொன்னேன் பாருங்க, அதை நினைச்சு இப்பவும் எனக்கே சிரிப்பு வருது. சரியாயிட்டு வேன்னாரு.

அப்புறம் உள்ள போய் உக்காந்து யோசிச்சேன். பகல் பூரா நான் துடிச்சதைப் பாத்துக்கிட்டே, சட்டைப் பையில ஒரு ரூமை வச்சுக்கிட்டு நின்னிருக்காரே இந்த மனுசன்! கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என் நோட்டுல ஒரு பொய்யை எழுதி வச்சுக்கிட்டு அவரை என்னன்னு கேக்க? முழுங்கிட்டேன்.

முழுங்கினதை நான் ஓய்வு பெத்த அன்னைக்குத்தான் வெளிய எடுத்தேன். மாலையைப் போட்டு, டீயைக் குடுத்து, எல்லாரும் போன பிறகு, டீக்கடை பெஞ்சுல அவர் பக்கத்துல உக்காந்து கேட்டேன். அந்தத் தபசுக்கு என் மச்சான் ரூம் கேட்டு நிக்கும்போது ஏழாம் நம்பர் உங்க பையிலதான இருந்துச்சு?

"இருந்துச்சு. சங்கரன்னு நீரு எழுதினதும் தெரியும். எப்ப முடிவு பண்ணாருங்க இடத்துல ஒண்ணும் எழுதல பாரும், அப்பவே பிடிச்சுட்டேன்" அப்படின்னாரு.

அப்புறம் ஏன் முதலாளி குடுக்கலைன்னேன்.

"ரூம் இல்லைன்னா போக்கிடம் இல்லாத ஆளுக்குத்தான்வே கடைசிச் சாவி. உம்ம மச்சானுக்குத் தங்கச்சி வீடு இருந்துச்சுல்லா? நான் சாவியைக் குடுத்திருந்தா அவரு லாட்ஜுல தூங்கி எந்திரிச்சு அப்படியே ஊருக்குப் போயிருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாரு. எதுத்த லாட்ஜுல இருந்து யாரு திரும்பி வாராகன்னு பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

அந்தப் பிள்ளை போன் போட்ட அன்னைக்குச் சாயங்காலம் இது ஞாபகத்துக்கு வந்துச்சு. பலகையில நாலு, பையில ஒண்ணு. நான் எண்ணினதெல்லாம் பலகையை மட்டும். உடனே போன் போட்டு, அம்மா, கிறுக்கு எனக்குத்தான், மிஷின் சொல்லுத அஞ்சுதான் சரின்னு சொன்னேன். ஆனா அந்த அஞ்சாவது ரூமை யாருக்குக் குடுக்கணும்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லுன்னேன். பிள்ளை சிரிச்சுக்கிட்டே போனை வச்சுட்டுச்சு.

இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாது. அன்னைக்கு ஊர்ல ஒரு ரூமும் இல்லாமப் போனதாலதான் வீட்டுக்கு வந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தபசுக்கும், போன்ல ஒரு வார்த்தை சொல்லாம, பையைத் தூக்கிக்கிட்டு வந்து இறங்குதாரு. கோமதி காலையிலயே கட்டிலைத் தட்டிப் போட்டு வச்சிருதா. மச்சான், இதை நீங்க வாசிச்சீகன்னா கோவம் வரத்தான் செய்யும். சண்டை போடணும்னாலும் வீட்டுக்கு வந்து போடுங்க. எத்தனை மணிக்கு வந்தாலும் சரி.